முதியோருக்கான ஞாபகமறதிப் பரிசோதனை: வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பகுதிகளில் முதியோர் இருக்கும் வீடுகளுக்குச் செல்லும்போதும், மருத்துவ முகாம்களில் உதவிக்கு நிற்கும்போதும் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன்; மருத்துவரிடம் போவதற்கு முன்பும் போய் வந்த பிறகும் வீட்டில் எழும் ஐயங்களுக்கே இங்கு விடை சொல்ல முயல்கிறேன். டிமென்ஷியாவை மறதிநோய் என்று எழுதியிருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டில் அது டிமென்ஷியா என்றே இருக்கும்.

வயதானால் மறதி வருவது இயல்புதானே? எதைப் பார்த்து நோய் என்று சந்தேகிப்பது?

தெரிந்தவரின் பெயர் சட்டென்று நாவில் வராமல் போவதும், மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும் வயதோடு வருபவை. சற்றுப் பொறுத்தால் நினைவு திரும்பிவிடும், அன்றாட வாழ்க்கை குலையாது. மறதிநோயில் குறைவது நினைவு மட்டும் அன்று. நெடுங்காலம் கைப்பழக்கமாகச் செய்துவந்த வேலையே தடுமாறத் தொடங்குகிறது. காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் மீன் விற்று, ஏலத்தில் எடுத்த விலையையும் கூடைக்கு நின்ற லாபத்தையும் மனக்கணக்காகவே போட்டுவந்த ஒரு பெண்மணி, இப்போது நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை கொடுக்கத் திணறுகிறார் என்றால், பேரன் பேத்திகளின் பெயரையெல்லாம் சரியாகச் சொல்கிறார் என்பதை வைத்து ஆறுதல் கொள்ளக் கூடாது.

‘பழசெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதனால் ஒன்றும் இல்லை’ என்று பல வீடுகளில் சொல்வார்கள். நோயின் தொடக்கத்தில் பழைய நினைவுகள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். அண்மையில் நடந்தவைதான் பதியாமல் போகும். 1996இல் மூடப்பட்ட பின்னி மில்லில் தான் வேலை பார்த்த நாட்களை நேற்று நடந்தது போல விவரிக்கும் பெரியவர், காலையில் சாப்பிட்டதை மறந்து, இன்னும் எனக்குச் சோறு போடவில்லை என்று மருமகளைக் குறைசொல்வார். அந்த மருமகளைத் தெருவே தவறாக நினைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்கு மறதிக்கு முன்பே குணம் மாறும்: காரணமற்ற சந்தேகம், கூச்சமின்மை, எதிலும் பற்றில்லாமல் உட்கார்ந்திருத்தல் ஆகியவையும் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம்.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறுகிறது. மறதிநோய் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. அல்சைமர் நோய் அதில் பாதிக்கு மேற்பட்டதாகவும், மூளை இரத்தக்குழாய் அடைப்பால் வருவது அடுத்ததாகவும் இருக்கிறது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு.

ஸ்கிரீனிங் செய்தால் நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. ஸ்கிரீனிங் என்பது சல்லடையில் சலிப்பது போன்ற முதற்கட்டப் பிரிப்பு மட்டுமே; யாரை மேலும் ஆராய வேண்டும் என்பதை அது காட்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். 60 வயதைக் கடந்த 100 பேருக்கு ஒரு முகாமில் சோதனை செய்கிறார்கள். அவர்களில் 7 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை ஓரளவு நல்லதாக இருந்து அந்த 7 பேரில் 6 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற 93 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 9 பேரை, தவறாகச் சந்தேகிக்கிறது. முடிவில் மதிப்பெண் குறைந்தவர்கள் என்று 15 பேர் நிற்பார்கள். அவர்களில் 9 பேருக்கு நோயே இல்லை. ஒருவருக்கு நோய் இருந்தும் அவர் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆகவே முகாமில் கொடுத்த தாளில் மதிப்பெண் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு டிமென்ஷியா வந்துவிட்டது என்று உறவினர் அனைவருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஒரு முகாமில் வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்கும்படி ஒரு மூதாட்டியின் மதிப்பெண்ணை உரக்க அறிவித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு இருந்தது கண்புரையும் காது மந்தமும் என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அந்தத் தெருவில் அவருக்கு விழுந்த பெயர் எளிதில் போகவில்லை.

என்னென்ன சோதனைகள் செய்கிறார்கள்?

மிகச் சுருக்கமானது மினி காக். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு கடிகாரம் ஒன்றை வரைந்து குறிப்பிட்ட மணியைக் காட்டச் சொல்வார்கள். அதன்பின் அந்த மூன்று சொற்களையும் திரும்பக் கேட்பார்கள். சொற்களுக்கு மூன்று, கடிகாரத்துக்கு இரண்டு என ஐந்து மதிப்பெண். மூன்றுக்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும் என்று பொருள். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

1975 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருப்பது எம்.எம்.எஸ்.இ. எனப்படும் 30 மதிப்பெண் சோதனை. தேதி, கிழமை, இருக்கும் இடம், நினைவில் வைத்தல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், படம் பார்த்து வரைதல் ஆகியவை அதில் உண்டு. மோகா என்னும் சோதனையும் 30 மதிப்பெண் கொண்டதுதான். ஆனால் கடினமானது, தொடக்கநிலைத் தடுமாற்றத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். இந்தச் சோதனைகளைக் கைப்பேசியில் தேடி எடுத்து வீட்டிலேயே நடத்திப் பார்க்க வேண்டாம். ஒருமுறை பழகிவிட்ட கேள்விகளுக்கு அடுத்த முறை மருத்துவரிடம் சரியாகப் பதில் சொல்லிவிடுவார்கள். சோதனையின் பயனே போய்விடும்.

என் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. இந்தச் சோதனை அவருக்குப் பொருந்துமா?

எங்கள் பகுதிக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கருத்து. பென்சிலையே பிடித்திராத ஒருவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால் அளக்கப்படுவது அவருடைய மூளையின் நலம் அன்று, அவருக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடம்தான். வடசென்னையின் முதியோரில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், மீன் கூடை தூக்கியவர்களும், சிறு வயதிலேயே ஆலைக்கும் பட்டறைக்கும் போனவர்களும் ஏராளம். மறுபுறம், நன்கு படித்து அலுவலகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நோய் தொடங்கிய பிறகும் 28 மதிப்பெண் வாங்கிவிடுவார். படிக்காதவரை நோயாளி ஆக்குவதும் படித்தவரின் நோயை மறைப்பதும் ஒரே குறைபாட்டின் இரு பக்கங்கள்.

இதை ஆய்வாளர்கள் அறியாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறிவற்ற முதியோருக்காக உருவாக்கப்பட்டு 1995இல் வெளியான சோதனையில், எழுதியதைப் படித்து அதன்படி செய்வதற்குப் பதிலாகச் சோதிப்பவர் செய்வதைப் பார்த்து அதேபோல் செய்தலும், எண்களைக் கழிப்பதற்குப் பதிலாக வாரத்தின் நாட்களைப் பின்னிருந்து சொல்லுதலும் வைக்கப்பட்டன. 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு, முதியவரிடம் நடத்தும் சோதனையோடு அவரை நன்கறிந்த ஒருவரிடம் நடத்தும் நேர்காணலையும் சேர்த்து மதிப்பிடும் முறையைப் பயன்படுத்தியது. அந்தக் குழுவின் ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. உலகின் மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அங்கு நடந்தன என்பதால்தான் அக்குழுவுக்கு அந்தப் பெயர் வந்தது.

ஆகவே பரிசோதனை தொடங்கும் முன்பே, அம்மா எத்தனையாவது வரை படித்தார், எழுதப் படிக்கத் தெரியுமா, வீட்டில் பேசும் மொழி எது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி, தெருவில் மட்டும் தமிழ் பேசும் முதியோர் நம் பகுதியில் பலர். தாய்மொழியில் கேட்டால் வரும் விடை வேறாக இருக்கும். இன்றைய ஆங்கிலத் தேதி தெரியாதவருக்கு அமாவாசை எப்போது என்பது தெரிந்திருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதா என்று கடலோரத்துப் பெரியவரிடம் கேட்டால், காலம் பற்றிய அவருடைய உணர்வு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இத்தகைய கேள்விகள் மதிப்பெண் தாளில் இராது. ஆனால் நல்ல மருத்துவர் இவற்றுக்குக் காது கொடுப்பார்.

அப்படியானால் குடும்பத்தினர் சொல்வதற்கு மதிப்பு உண்டா?

மிகுந்த மதிப்பு உண்டு. ஏ.டி.8 என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் மாற்றம் உண்டா என்று எட்டுக் கேள்விகளைக் குடும்பத்தாரிடம் கேட்பார்கள். முடிவெடுப்பதில் தடுமாற்றம், முன்பு இருந்த ஆர்வம் குறைதல், சொன்னதையே சொல்லுதல், வீட்டுக் கருவிகளைப் பயன்படுத்தத் திணறுதல், பணக் கணக்கில் குழப்பம் போன்றவை அதில் வரும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆம் என்றால் மேலும் ஆராய வேண்டும். ஒருவரை அவருடைய பழைய நிலையோடு மட்டுமே இது ஒப்பிடுவதால், படிப்பின் குறுக்கீடு இதில் குறைவு.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறதி அதிகமாகிவிட்டது என்று பொதுவாக எழுதுவதால் பயன் இல்லை. ரேஷன் கடையில் பொருள் வாங்கிவிட்டு அடுத்த நாளே மீண்டும் போய் நின்றார், மாதச் சீட்டுப் பணத்தை இரண்டு முறை கட்டினார், அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார் என்று நடந்ததை நடந்தபடி, எந்த மாதத்தில் நடந்தது என்பதோடு எழுத வேண்டும். உடன் வருபவர் யார் என்பதும் முக்கியம். அடையாறில் இருந்து ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் மகனைவிட, நாள்தோறும் உடன் இருக்கும் மருமகளுக்கோ பேத்திக்கோதான் உண்மை தெரியும், அவர்களைப் பேசவிடுங்கள்.

குடியிருப்பு மாறியதும் ஆயா வழி தவறுகிறார். இதுவும் அறிகுறியா?

இதை அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது. கரையோரக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவரை, ஒரே மாதிரியான படிக்கட்டும் ஒரே நிறக் கதவுகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினால் முதல் சில மாதங்கள் யாருக்கும் தடுமாற்றம் வரும். அறுபது ஆண்டுகள் நடந்த பழைய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால் அது வேறு. அதை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லாத முதியோர் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சோதிப்பது போல இதற்கும் எல்லாரையும் சோதிப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல் இதை ஆராய்ந்து, அறிகுறி இல்லாத முதியோரைச் சோதிப்பதால் வரும் நன்மையையும் தீமையையும் எடைபோடப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. அதற்காக, அறிகுறி தென்பட்டவரைச் சோதிக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. மாற்றம் தெரிந்தவரைத் தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர், நெடுங்காலச் சர்க்கரை நோயாளி, பார்க்கின்சன் நோய் உள்ளவர் ஆகியோரிடம் குடும்பத்தினர் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

சோதித்துவிட்டு அடுத்து எங்கே அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாத முகாம்களை நடத்தாமல் இருப்பதே மேல் என்று நான் நினைக்கிறேன். தாளில் ஒரு மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அந்தக் குடும்பத்துக்கு அச்சம் மட்டுமே மிஞ்சும்.

மதிப்பெண் குறைவதற்கு வேறு காரணங்கள் உண்டா?

பல உண்டு, அவற்றில் சில முழுமையாகவோ ஓரளவோ சரிசெய்யக்கூடியவை என்பதால்தான் சோதனைக்கே பொருள் இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் மந்தம் வரும். வைட்டமின் பி12 குறைந்தால் நினைவும் நடையும் கெடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இந்தக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். மனச்சோர்வில் இருப்பவர் எதைக் கேட்டாலும் தெரியாது, தெரியாது என்பார்; வீட்டுக்காரர் இறந்த பிறகு பேச்சே குறைந்துபோன மூதாட்டிகளிடம் இதை அடிக்கடி காணலாம். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளையின் மேல் இரத்தம் தேங்குவதும் மறதியாகத் தெரியும். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அடிக்கடி விழுவதால் அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மாத்திரைகளையும் மறக்காதீர்கள். தூக்கத்துக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம், சளிக்கு என்று போடும் குளோர்பெனிரமின் போன்றவை முதியோரின் புத்தியை மந்தமாக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அது மேல்.

கேள்வியே காதில் விழாதவர் தவறான விடைதான் சொல்வார். தறியோசையிலும் பட்டறையின் சுத்தியல் ஓசையிலும் முப்பது ஆண்டுகள் நின்றவர்களுக்குக் காது மந்தம் மிகச் சாதாரணம். காதுக்கருவியும் கண்ணாடியும் இருந்தால் அணிந்துகொண்டே சோதனைக்கு உட்கார வேண்டும். காது கேளாமையும் கவனிக்கப்படாத பார்வைக் குறைவும் மறதிநோய்க்கே இடர்க் காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் பட்டியலிட்டது. அப்பட்டியலில் உள்ள 14 காரணிகளையும் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரை மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. காற்று மாசும் அவற்றில் ஒன்று என்பதை மணலியிலும் எண்ணூரிலும் வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறுகிறார். ஸ்கிரீனிங்குக்கு அழைத்துப் போகலாமா?

கூடாது; உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழப்பம் வந்தால், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைதல், சர்க்கரை இறங்குதல், பக்கவாதம் போன்ற ஏதேனும் காரணமாக இருக்கலாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எங்கே அழைத்துச் செல்வது? கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்களா?

முதலில் அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மேலே பரிந்துரை பெறலாம். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்தினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு முதியோர் மருத்துவத்தில் நெடிய வரலாறு உண்டு. இந்தியாவிலேயே முன்னோடியாக 1978இல் அங்கு முதியோருக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. 2024இல் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. தொலைவு என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்கிறேன்: விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோவில் ஏறினால் கிண்டி வரை வண்டி மாற வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போவது நல்லது. முதியவருக்கும் காலையில்தான் தெளிவு அதிகம்.

கீழ்ப்பாக்கம் என்ற சொல்லே நம் தெருக்களில் வசையாகிவிட்டது. 1794இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. மறதிநோய் பைத்தியம் அன்று. அதற்கான பரிசோதனை பெரும்பாலும் புறநோயாளியாகவே முடிந்துவிடும், யாரையும் அங்கே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அங்கு பேச, நினைவைச் சோதிக்க, இரத்தம் எடுக்க, தேவையானால் தலைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க இரண்டு மூன்று முறை போக வேண்டிவரும்.

அப்பா வர மறுக்கிறார். எப்படி அழைப்பது?

உங்களுக்கு மறதிநோய், சோதிக்க வேண்டும் என்று தொடங்கினால் எந்தத் தந்தையும் வரமாட்டார். ‘அப்பா, சர்க்கரை பார்த்து மூன்று மாதம் ஆயிற்று, அப்படியே தூக்கம் சரியில்லாததையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வரலாம்’ என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. சொந்த பந்தங்கள் முன்னிலையில், இன்று என்ன கிழமை சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டுச் சிரிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். தான் தடுமாறுவது தொடக்கத்தில் அவருக்கே தெரியும். அதை மறைக்கத்தான் கோபப்படுகிறார்.

குணமாகாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்?

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் ஆகிய மருந்துகள் அல்சைமர் நோயைக் குணமாக்கா; சிலருக்கு அறிகுறிகளைச் சில காலம் தணிக்கும். ஆனால் பயன் மருந்தோடு முடிவதில்லை. அடுப்பு, படிக்கட்டு, கடற்கரைச் சாலையின் கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றிலிருந்து அவரைக் காக்க முன்கூட்டியே திட்டமிடலாம். வீட்டுச் சண்டைகள் பாதியாகக் குறையும். ஏனெனில் அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

வீடு, வங்கிக் கணக்கு, உயில் பற்றி அவருடைய விருப்பத்தை அவரே சொல்லும் நிலையில் கேட்டு எழுதிவைக்கலாம். இதில் பலர் அறியாத ஒன்று உண்டு: அவர் எழுதிக் கொடுக்கும் சாதாரணப் பவர் பத்திரம், அவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி முடிவுக்கு வந்துவிடும். பவர் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாமல், தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவருடைய கைரேகையை வாங்கி வைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல் செல்லுபடியாகும் காலத்தில் அது மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முடிவை அவரிடம் சொல்லலாமா?

அவர் அறிய விரும்பினால், அவருக்குப் புரியும் அளவில் மருத்துவரைக் கொண்டே சொல்லச் செய்யலாம். அவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குச் சொல்லக் கூடாது.

மதிப்பெண் நன்றாக வந்தது, ஆனால் வீட்டில் மாற்றம் தெரிகிறது. என்ன செய்வது?

நீங்கள் பார்த்ததை நம்புங்கள். நோட்டில் தொடர்ந்து எழுதிவந்து, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதே மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். முதல் மதிப்பெண் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியும். இடையில் யாரிடமாவது கேட்க வேண்டுமானால், முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகிய இரண்டிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பராமரிக்கும் உங்களுக்கே உறக்கமும் பொறுமையும் குறைந்துவிட்டாலும் அந்த இரண்டாவது எண்ணை அழைக்கலாம்.